பழைய மரத்தை விற்பதா, இழைப்பதா, எரிப்பதா?

ஓட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் வீடு கட்டப் போகிறவர்களிடம் இடிப்பு ஒப்பந்தக்காரர் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்: “பழைய மரத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். கூலியில் கழித்துவிடலாம்.” வரைபட அனுமதி, வாடகை வீடு, வங்கிக் கடன் என்று அலைந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு இதைவிட இதமான பேச்சு கிடையாது. சரி என்று சொல்லிவிடுகிறார்கள். மறுவாரமே வாசக்கால், கதவுகள், உத்தரம், கைமரம், சன்னல் சட்டம் எல்லாம் ஒரே லாரியில் ஏறிப் போய்விடுகின்றன.

இது எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். உளுத்துப்போன மாம்பலகையும் கரையான் தின்ற சட்டங்களும் மட்டுமே உள்ள வீடு என்றால் லாரி வந்ததே நல்லது. என்ன மரம், எவ்வளவு மரம் என்று பார்க்காமல் சொல்லும் ‘சரி’தான் பிரச்சினை. அடுக்ககத்தில் பழைய சமையலறை அலமாரிகளைப் பெயர்த்துவிட்டு, அந்தப் பலகைகளை என்றாவது உதவும் என்று பால்கனியில் சாய்த்து வைத்திருப்பவரும் அப்படிப் பார்க்காதவர்தான். முன்னவர் வைத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டார். பின்னவர் விட வேண்டியதை வைத்துக்கொண்டிருக்கிறார்.

பழைய மரத்தில் செய்யக்கூடிய பொருள்கள் என்று தேடினால் சாவி மாட்டும் பலகை, விளக்குத் தாங்கி, சுவர்க் கடிகாரம் என்று வரிசையாக வந்து விழும். அந்த யோசனைகளுக்கெல்லாம் செய்யப் போகும் பொருள்தான் முதல், மரம் பிறகு. நான் மரத்திலிருந்து தொடங்குகிறேன். விற்பது, தச்சரிடம் கொடுத்து வேறு பொருளாக்குவது, நாமே அறுத்துச் செய்வது, எரிப்பது, மட்கவிடுவது என்ற ஐந்து வழிகளில் எது நமக்கு என்பதை மரத்தின் இனமும் அதன் நீளமும் ஏறக்குறைய தீர்மானித்துவிடுகின்றன. குறிப்பாக நீளம். ஏழடிச் சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் இரண்டடித் துண்டுகளாக்கலாம். துண்டுகளிலிருந்து ஏழடியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே, எந்த வழியில் மரத்தை மிகக் குறைவாக வெட்டுகிறோமோ அதற்கே முதலிடம்.

கையில் இருப்பது என்ன மரம்?

பெயின்ட் பூசிய பழைய கதவைப் பார்த்து மட்டும் இனம் சொல்ல முடியாது. நிலையில் அமர்ந்திருந்து வெளியே தெரியாத பக்கத்தில் உளியால் ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். தேக்கு என்றால் உள்ளே பொன்பழுப்பு நிறம் இருக்கும். விரலுக்கு லேசான எண்ணெய்ப் பிசுக்குத் தட்டும். பதனிட்ட தோலை ஒத்த ஒரு வாசனை எழும். எத்தனை ஆண்டு ஆனாலும் புதிதாகச் சீவிய இடத்தில் அந்த வாசனை வந்துவிடும். வேங்கையின் வைரக் கட்டையைச் சீவித் தண்ணீரில் போட்டால் தண்ணீர் மஞ்சள் பழுப்பாகும். வெளிச்சத்தில் சாய்த்தால் நீல மினுக்கம் தெரியும். பலாவின் உட்பகுதி மஞ்சள், வயதேறினால் செம்பழுப்பு. தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைவது இந்த மரத்தில்தான்; அதனால் பலாக் கதவை மட்டமாக நினைத்துவிட வேண்டாம்.

தேக்கிலும் எல்லாம் தேக்கு இல்லை. வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் கரையான் அணுகாத வேதிப்பொருள்கள் இருக்கின்றன. ஓரத்து வெள்ளைப் பகுதியில் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் காணும் பர்மாத் தேக்கு, முதிர்ந்த காட்டு மரம். வெள்ளை மிகக் குறைவு. இன்று தோட்டங்களில் இளவயதிலேயே வெட்டப்படும் தேக்கில் வெள்ளை அகலமாகவே இருக்கும். ஆகவே ‘புதிது பழையதைவிட மேல்’ என்ற கணக்கு இந்த ஒரு பொருளில் தலைகீழாகிவிடுகிறது.

ஓட்டு வீடுகளின் கூரையில் இருப்பது பல ஊர்களில் பனங்கை. பனை, மற்ற மரங்களுக்கு நேர் எதிர்: வெளிவட்டம்தான் உறுதி, உள்ளே சோறு. முற்றிய பனையின் கருநார்ப் பகுதி பல பத்தாண்டுகள் ஓட்டைத் தாங்கும். ஆனால் அதை இழைத்து மேசை செய்யலாம் என்று தச்சரிடம் கொண்டுபோனால் அவர் முகம் சுளிப்பார். நார் பிளக்கும், சிலாம்பு கையில் ஏறும், இழைப்புளியின் வாய் மழுங்கும். பனங்கைக்கு நல்ல மறுவாழ்வு மீண்டும் கூரையாவதுதான்: மாட்டுக் கொட்டகை, ஆட்டுப் பட்டி, மாடியில் நிழற்பந்தல். கிராமத்தில் கேட்டு வாங்கிப் போக ஆள் இருக்கும். நகரத்தில் அதற்கு விறகு விலைதான்.

விற்பது: யாரிடம், எப்படி?

ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விடுவதா, தனியாக விற்பதா என்று முடிவெடுக்க அளவு நாடா ஒன்று போதும். மர வியாபாரத்தில் பேச்சு கன அடியில் நடக்கிறது. அகலம், கனம் இரண்டையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம் உள்ள ஒரு வாசக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி நீளம்; சட்டம் ஐந்துக்கு மூன்று அங்குலம். கணக்குப் போட்டால் சுமார் 2.2 கன அடி. உலர்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 18 கிலோ இருக்கும் என்பதால் இந்த ஒரு நிலை மட்டுமே 40 கிலோ. பத்தடி நீள உத்தரம், ஆறுக்கு ஆறு அங்குலம் என்றால் இரண்டரை கன அடி. இப்படி வீட்டைச் சுற்றி அளந்து ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். பிறகு உங்கள் ஊர் மரவாடியில் தேக்கு கன அடி என்ன விலை என்று விசாரியுங்கள். பழைய மரத்துக்கு அந்த விலையை அப்படியே எவரும் தர மாட்டார்கள்; ஆணித் துளை, வெடிப்பு, இழைப்புச் சேதாரம் என்று கழிப்பார்கள். அது நியாயம்தான். கையில் ஒரு எண் இருந்தால், ‘கூலியில் கழித்துவிடலாம்’ என்ற பேச்சு எவ்வளவு பெறும் என்பது உடனே தெரிந்துவிடும்.

வேலைப்பாடு உள்ள கதவு, தூண், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை போன்றவற்றைக் கன அடிக்கு விற்கக் கூடாது. அவற்றின் விலை மரத்தில் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளும், புதுச்சேரி–ஆரோவில் பக்கத்துக் கடைகளும் இத்தகையவற்றை முழுதாக வாங்குகின்றன. முழுதாக என்றால் நிலை, கதவு, கீல், பித்தளைக் குமிழ், நாதாங்கி, தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்து. விற்கும் முன் ‘சுத்தம் செய்து கொடுப்போம்’ என்று பெயின்டைச் சுரண்டி வார்னிஷ் பூசினால் விலை ஏறாது, இறங்கும். பழைய மேற்பரப்புக்கும்தான் அங்கே காசு. பெயர்க்கும்போதும் கடப்பாரையால் நெம்பாமல், சுவரை முதலில் இடித்து நிலையைத் தளர்த்தி எடுக்கச் சொல்ல வேண்டும். இதற்கு அரை நாள் கூடுதலாகும் என்பதால் இடிக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த அரை நாள் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுவது லாபம்.

பழைய வீட்டு நிலை புது வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை நம் பக்கம் பலமாக இருக்கிறது. நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. இதில் விநோதம் என்னவென்றால், சொந்தக்காரர் ஆகாது என்று கழித்த அதே நிலைதான் கடற்கரை விடுதியின் வரவேற்பறையில் பெரும் விலைக்கு நிமிர்ந்து நிற்கிறது. வாசக்காலாக வைக்க மனம் ஒப்பவில்லை என்றால் உள்ளறைக் கதவாகவோ மேசையாகவோ வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தடை சொல்லும் பெரியவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

தச்சரிடம் கொடுப்பது

நல்ல மரம் இருந்து, வீட்டுக்குப் பொருளும் தேவைப்பட்டால் விற்பதைவிட இதுவே மேல் என்பது என் எண்ணம். பழைய மரம் ஏற்கெனவே பல பத்தாண்டு வெயில் மழை பார்த்து உலர்ந்து நின்றது. புது மரத்தில் செய்த கதவு முதல் மழைக்காலத்தில் உப்பிப் பிடித்துக்கொள்வதும், கோடையில் பலகை சுருங்கி இடுக்கு விழுவதும் பழைய மரத்தில் பெரும்பாலும் நேராது.

ஆனால் மரம் இலவசம் என்பதால் பொருள் மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. கூலி கூடும். முதலில் ஆணி பிடுங்க வேண்டும். உள்ளே முறிந்து நிற்கும் ஒரு ஆணித் துண்டு வாள் பட்டறையின் பட்டை வாளைப் பதம் பார்த்துவிடும். அதனால் பழைய மரத்தை அறுக்க மறுக்கும் பட்டறைகளும் உண்டு, பல் உடைந்தால் வாளுக்கான பணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளும் பட்டறைகளும் உண்டு. ஒரு நல்ல காந்தத்தை மரத்தின் மேல் ஊர்த்திப் பார்த்தால் மறைந்த ஆணிகளில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். அடுத்தது சேதாரம். ஒவ்வொரு பக்கமும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இழைத்தால் கனத்தில் கால் அங்குலம் போகிறது. ஐந்துக்கு மூன்று சட்டம், நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால் ஆகிவிடும். எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சீவலாகவே தரையில் விழுந்துவிட்டது என்று பொருள். ஆறு அங்குல உத்தரத்தை ஒரு அங்குலப் பலகைகளாக அறுத்தால் ஆறு பலகை கிடைக்காது, ஐந்துதான்.

ஆகவே என்ன செய்யச் சொல்வது என்பதில் கணக்கு வேண்டும். ஏழடி நிலைக்காலைக் கட்டிலின் பக்கச் சட்டமாக்கினால் இரு முனையிலும் உள்ள பழைய கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை) துளையும் மட்டும் கழியும்; மீதி முழுவதும் பயன்படும். அதையே நாற்காலிக் கால்களாக அறுக்கச் சொன்னால் ஒவ்வொரு ஆணித் துளையும் ஒரு தடையாகி, பாதி மரம் மூலையில் குவியும். அகலமான கதவுப் பலகைக்கு உணவு மேசையின் மேற்பரப்பு, அலமாரித் தட்டு, பூஜையறைக் கதவு எல்லாம் பொருந்தும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கனமும் வெடிப்பில்லாத நீளமும் இருந்தால் ஊஞ்சல் பலகையாகட்டும். ஊஞ்சலில் உயிருள்ள எடை ஆடுவதால் இதில் மட்டும் ஆசையைவிட தச்சரின் சொல்லுக்கே மதிப்புக் கொடுங்கள். சன்னலை அதன் கம்பியோடு கண்ணாடிச் சட்டமாக மாட்டுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது, கொஞ்சம் சலித்தும்விட்டது.

தினக்கூலியா, ஒப்பந்தமா என்ற கேள்விக்கு, பழைய மர வேலைக்குத் தினக்கூலியே நேர்மையான ஏற்பாடு என்று தோன்றுகிறது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத மரத்துக்கு ஒரே தொகை பேசினால், தச்சர் தன் பாதுகாப்புக்கு அதை ஏற்றித்தான் பேசுவார். அல்லது அவசரத்தில் நல்ல துண்டுகளையும் கழிவில் சேர்த்துவிடுவார். கழிவுத் துண்டுகள் யாருக்கு என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு அடி தேக்குத் துண்டில் மணைக்கட்டைக்குக் குறுக்குச் சட்டம், அஞ்சறைப் பெட்டி, அகல் வைக்கும் மாடம் எல்லாம் வரும். சின்னப் பொருள்கள் செய்வதென்றால் இந்தத் துண்டுகளில்தான் செய்ய வேண்டும். அதற்காக நீள மரத்தை அறுக்கக் கூடாது.

நாமே செய்வது

தேக்கு நிலையைப் பழகும் கையால் அறுக்க வேண்டாம். பழகுவதற்கு ஏற்றது பெட்டி மரம்: தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வந்திறங்கும் பேலட் பலகைகள். சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலும், கோவை, ஓசூரிலும் பழைய பேலட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கிற கடைகள் உண்டு. பெரும்பாலும் பைன் மரம். எடை குறைவு, கை ரம்பத்துக்கே இளகும்.

வாங்கும் முன் பேலட்டின் பக்கவாட்டில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகள் வழியாகப் பூச்சிகள் பரவாமல் இருக்க 2002-ல் வந்த பன்னாட்டு விதிப்படி, கதிர் போன்ற சின்னமும் நாட்டின் குறியெழுத்தும் செய்த பதனத்தின் குறியும் அதில் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது. மருந்து எதுவும் இல்லை. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டப்பட்டது, வீட்டுக்கு வேண்டாம். உள்நாட்டுச் சரக்குக்கான பேலட்டில் முத்திரையே இல்லாமலும் இருக்கலாம். எந்த முத்திரையும் அதன் மேல் எந்த ரசாயன டிரம் கசிந்தது என்பதைச் சொல்லாது. எண்ணெய்க் கறையோ காரமான நெடியோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் தொடாமல் நகர்ந்துவிடுவது நல்லது.

பேலட்டைப் பிரிப்பதுதான் சிரமம், சேர்ப்பது எளிது. முறுக்கு ஆணிகளை நெம்பினால் பலகை பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பறுக்கும் பிளேடை நுழைத்து ஆணியையே அறுத்துவிடலாம். ஆணித் தலை பலகையிலேயே நிற்கும், பார்வைக்கும் கெட்டுப்போவதில்லை. கிடைக்கும் பலகை முக்கால் அங்குலக் கனம், மூன்றடி சொச்சம் நீளம். செடித் தொட்டிக்கு மேடை, செருப்பு அடுக்கு, மாடியில் உட்காரும் பெஞ்சு, மட்குப் பெட்டி ஆகியவற்றுக்குப் போதும். தரையைத் தொடாமல் செங்கல்லின் மேல் வையுங்கள். நம் மண்ணின் கரையானுக்குப் பைன் பலகை விருந்து. வீட்டுக்குள் வைப்பதற்கு, வெங்காரமும் போரிக் அமிலமும் சுடுநீரில் கரைத்துப் பூசி உலரவிட்டால் உளுவண்டும் கரையானும் தள்ளி நிற்கும். மழை படும் இடத்தில் அந்தக் கரைசல் கழுவிப் போய்விடும் என்பதால் அங்கே பூசிப் பயனில்லை.

பணத்துக்காக இந்த வழியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரம்பம், துளைக்கும் இயந்திரம், உப்புத்தாள், திருகாணி எல்லாம் வாங்கிய பிறகு முதல் பெஞ்சு கடையில் வாங்கும் பெஞ்சைவிட மலிவாக அமையாது. கைவேலையில் ஆசை உள்ளவர்களுக்கு இது சிறந்த வழி. மற்றவர்கள் தச்சருக்கு வேலை கொடுக்கட்டும்.

பெயின்ட் பூசிய மரத்துக்குத் தனி எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கடுக்காகப் பூசப்பட்ட கதவுகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தாலோ, தீ ஊதி உரித்தாலோ ஈயம் தூளாகவும் புகையாகவும் வீட்டுக்குள் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் நினைத்தும் பார்க்கக் கூடாது. தண்ணீர் தெளித்துத் தேய்த்து, உதிர்ந்ததைத் துணியால் துடைத்துக் கட்டிப் போட வேண்டும். பெயின்டு இல்லாத மரத்தின் தூளும் சாதுவானதில்லை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் 1995-லேயே சேர்த்துவிட்டது. முகக்கவசம் கட்டாயம்.

பிளைவுட்டும் பொடிப்பலகையும்

அடுக்ககவாசிகளின் மரக்கழிவில் பெரும்பகுதி இதுதான். இதில் சொல்வதற்கும் அதிகம் இல்லை. பிளைவுட் தாளை அதே அளவில் இன்னொரு அலமாரிக்குப் பின்பலகையாகவோ பரணுக்குத் தட்டாகவோ வைக்கலாம். நல்ல பிளைவுட் இரண்டாம் முறையும் திருகாணியைப் பிடிக்கும். வெட்டிய ஓரங்களை மட்டும் பெயின்டாலோ பட்டையாலோ மூடிவிட வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பொடிப்பலகைக்கு இரண்டாம் வாழ்க்கை ஏறக்குறையக் கிடையாது. பழைய துளையில் திருகாணி நிற்காது, தண்ணீர் பட்டால் ஊதிவிடும், நகர்த்தும்போது மூலை உதிரும். அலமாரி உறுதியாக நிற்கும்போதே, பிரிக்காமல் அப்படியே தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுவதுதான் அதை மறுபடி பயன்படுத்தும் ஒரே உருப்படியான வழி. பிரித்த பிறகு அது உள்ளாட்சியின் பருமனான கழிவுகளோடுதான் போக வேண்டும்.

இவற்றை எரிக்கவும் கூடாது, மட்கவும் விடக்கூடாது. அடுக்குகளை ஒட்டும் பசையில் இருப்பது ஃபார்மால்டிஹைடு பிசின். பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடும் அதே புற்றுநோய்ப் பட்டியலில்தான் இருக்கிறது. மேலே ஒட்டிய லேமினேட் தாள் வேறு. வெந்நீர் அடுப்பில் பிளைவுட் துண்டுகளைச் செருகும் வழக்கம் நகர்ப்புறங்களில் சாதாரணமாகிவிட்டது. உலர்ந்து கிடப்பதால் பளிச்சென்று பற்றும், அதுதான் ஆபத்து.

எரிப்பது

விறகு என்பது மரத்தின் கடைசி வேலை. முதல் வேலையாகவே அதைச் செய்துவிடுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. காற்றில் உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெப்பம் இருக்கும். மண் அடுப்பில் அதில் பத்திலொரு பங்கோ சற்றுக் கூடுதலோதான் பாத்திரத்தில் ஏறுகிறது. எரிவாயுவில் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி. அடுப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பயன்படுகிறது. இதன்படி 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 200 முதல் 300 கிலோ விறகு வேண்டும். மேலே அளந்த அந்த 40 கிலோ தேக்கு வாசக்கால் முழுவதையும் அடுப்பில் வைத்தாலும் மிச்சமாவது அதிகம் போனால் ஒரு சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். கன அடிக் கணக்கில் அது என்ன பெறும் என்பதை நீங்களே மரவாடியில் கேட்டுவிட்டீர்கள்.

ஆனால் உளுத்த சட்டம், வெடித்த பனங்கை, மா, முருங்கை, வாதாங்கொட்டை மரக் கிளைகள், தச்சர் விட்டுப்போன விரல்நீளத் துண்டுகள் இவற்றுக்கு வெந்நீர் அடுப்பைவிட நல்ல இடம் இல்லை. பெயின்டு, பாலிஷ், பசை எதுவும் படாத மரமாக மட்டும் இருக்க வேண்டும். அந்தச் சாம்பலைச் சலித்துக் கத்தரி, கீரைப் பாத்திக்குத் தூவலாம், தென்னை மூட்டில் போடலாம், பாத்திரம் துலக்கலாம். சாம்பல் காரத்தன்மை உடையது என்பதால் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

பச்சை படிந்த பழைய கம்பங்களும் குளிரூட்டும் கோபுரத்திலிருந்து கழித்த பலகைகளும் சில நேரம் மலிவாக வரும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளை அழுத்தி ஏற்றிய மரங்கள் அவை. இந்த முறையை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் சோன்ட்டி காமேசம் என்ற இந்திய வேதியியலாளர். உலகம் முழுவதும் போன கண்டுபிடிப்பு அது; ஆர்சனிக்கின் காரணமாக அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. வேலிக்கம்பமாகவே அது இன்னும் நெடுங்காலம் நிற்கட்டும். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலைப் பாத்தியில் போட்டால் காய்கறியோடு சமையலறைக்கே வந்துவிடும்.

போகிக்கு வாசலில் பழைய கதவையும் நாற்காலியையும் கொளுத்துவது இன்னும் நடக்கிறது. கழிவைத் திறந்த வெளியில் எரிப்பதை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. சட்டத்தை விட்டாலும், போகியில் எரியும் நாற்காலிகளில் பாதி பிளைவுட்டும் ரெக்சினும்தான். பெயின்ட் பூசாத நான்கு சுள்ளிகளும் பழைய பாயும் போதும், சடங்கு குறைவுபடாது.

தூளும் சீவலும்

தச்சர் வேலை முடிந்து போனபின் மிஞ்சும் மூட்டைகளை விரயமாக்க வேண்டாம். மரத்தூளில் கரிமம் தழைச்சத்தைப்போல் பல நூறு மடங்கு. மட்குவதற்கு ஏற்ற விகிதம் 25-லிருந்து 30 மடங்கு. எனவே தூளை மட்டும் குவித்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். சமையலறைக் கழிவு வாளியில் ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி தூவினால் ஈரத்தை இழுக்கும், நாற்றத்தை அடக்கும், காய்கறித் தோலின் தழைச்சத்தோடு சேர்ந்து மட்கும். கூடவே கொஞ்சம் சாணக் கரைசல் இருந்தால் வேகம் கூடும். செடியின் தூரில் பச்சைத் தூளை நேரடியாகக் கலந்துவிட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அது இழுத்துக்கொண்டு இலைகள் மஞ்சளிக்கும். மேலே மூடாக்காகப் போடுவதில் அந்தச் சிக்கல் குறைவு. சுருள் சீவல் கோழிக்கூண்டின் தரைக்கு நன்றாக உதவும். பிளைவுட் அறுத்த தூள் இதில் கலந்துவிடாமல் தனியாக அள்ளச் சொல்லுங்கள்.

எங்கே வைப்பது, எத்தனை நாள்?

பங்காளிகள் நான்கு பேரின் பாகப்பிரிவினையில் வரும் வீடுகளில் மரம்தான் கடைசிவரை இழுபறியாக நிற்கும். தலைக்கு ஒரு கதவு, ஆளுக்கு இரண்டு உத்தரம் என்று பிரித்தால் எவருக்கும் ஒரு கட்டில்கூட முழுதாகத் தேறாது. வேண்டும் என்கிற ஒருவர் முழு மரத்தையும் எடுத்துக்கொண்டு கன அடிக் கணக்குப்படி மற்றவர்களுக்குப் பணம் கொடுத்துவிடட்டும்.

எடுத்துக்கொண்டவர் அதைச் சுவரோரம் மண்ணில் சாய்த்து வைத்துத் தார்ப்பாயால் இறுக்க மூடிவிட்டால் வேலை கெட்டது. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், அடியில் கரையான் ஏறும். செங்கல்லை மட்டம் பார்த்துப் பரப்பி, அதன் மேல் படுக்கைவாட்டில் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே நேர்கோட்டில் ரீப்பர் துண்டு கொடுத்து, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விட வேண்டும். அப்படி வைக்கக் கூரை நிழல் இல்லாதவரும், சித்திரையில் பிரித்த மரத்துக்கு ஐப்பசி மழைக்குள் தச்சரைக் கூப்பிட முடியாதவரும் கையோடு விற்றுவிடுவது நல்லது. அளந்து எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கடைக்காரர்களையாவது வரச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரின் லாரி வருவதற்கு முந்தைய வாரமே.